பேரைக் கடைசியில் சொன்ன புஷ்பபாய்

சூப்பர் ஹீரோ கதை எனக்குப் பிடிக்காது. பறக்கிறவனையும் சுவரை உடைக்கிறவனையும் பார்த்தால், இவனுக்கெல்லாம் வேறு ஜோலி கிடையாதா என்றுதான் கேட்கத் தோன்றும். பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவே இருக்கிற ரோட்டில் மழைக்காலத்தில் ஜீப்பு ஓட்டிப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் ஒரு வீரமும் தேவையில்லை. என் பெயர் வேலாயுதன். ஜீப்பு என்னுடையது. அதன் தலையில் புனல் மாதிரி இரண்டு கோளாம்பி ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன். உள்ளே மைக், ஆம்ப்ளிஃபயர், பேட்டரி. முன்சீட்டில் புஷ்பபாய்.

கோவில் உற்சவம், சபைக் கன்வென்ஷன், கட்சிக் கூட்டம், புதிதாகத் திறக்கிற துணிக்கடை, யாராவது செத்துப்போனால் அடக்க நேரம், எதுவானாலும் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு முதலில் தெரிவது புஷ்பபாயின் தொண்டை வழியாகத்தான். எங்கள் ரோட்டில் சில இடத்தில் ஒரு பக்கத்துக் கடை கேரளம், எதிர்க்கடை தமிழ்நாடு. அவள் இடது பக்கம் தமிழில் ஒரு வரி, வலது பக்கம் மலையாளத்தில் ஒரு வரி என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவாள். எந்த வரியில் எந்தப் பாஷைக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்கிறவர்களுக்கும் தெரியாது.

சின்ன வயதில் சபையில் வேதபாடம் வாசிக்கிற பிள்ளையாக இருந்தவள். கல்யாணமாகி, லிஷா என்கிற மகளைப் பெற்று வளர்த்து, நர்ஸ் வேலைக்கு பெங்களூருக்கு அனுப்பிய பிறகு, ஒரு கன்வென்ஷன் சமயத்தில் வழக்கமாக மைக் பிடிக்கிற ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புஷ்பபாய் ஏறினாள். அதற்குப் பிறகு என் ஜீப்பை விட்டு இறங்கவேயில்லை.

அந்த லிஷாதான் அம்மாவின் போனில் கதை படிக்கிற ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். குடும்பக் கதை படிப்பாள் என்று நினைத்திருப்பாள். "மாமியா மருமவ சண்டையெல்லாம் எனக்க வீட்டிலயே உண்டும்லா, அதைப் போய் போன்ல வேற வாசிக்கணுமா?" என்று புஷ்பபாய் அதை ஒதுக்கிவிட்டாள். அவள் விழுந்தது சூப்பர் ஹீரோ கதைகளில். அதிலும், பேர் தெரிந்தவர்கள் எழுதுவதைத் தொடமாட்டாள். எந்தக் கதைக்குக் கீழே ஒரு ஈ காக்கா கூட வந்து எட்டிப் பார்க்கவில்லையோ, அதைத்தான் தேடிப்பிடித்து வாசிப்பாள். "பேரு எடுத்தவனுக்கு ஊரே உண்டு மக்கா. இதுகளுக்கு நானாவது வேண்டாமா?" என்பாள். அடுத்த அனவுன்ஸ்மென்டுக்கு நேரமாகும்வரை ரப்பர் மர நிழலில் ஜீப்பை நிறுத்தினால், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

வாசித்ததைச் சும்மா வைத்துக்கொள்ள அவளால் முடியுமா? சனிக்கிழமை சாயங்காலமானால் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் போடுவாள். சபைப் பெண்கள் குரூப்பு, ஆட்டோ ஸ்டாண்டு குரூப்பு, லிஷாவோடு படித்த பிள்ளைகளின் குரூப்பு, எல்லாவற்றுக்கும். பொய் சொன்னால் ஊர் முழுக்கக் கரண்டு போய்விடுகிற ஒரு பஸ் கண்டக்டர் கதை. மழையைத் தள்ளிப்போடத் தெரிந்தவனும், தள்ளிப்போட்ட மழையெல்லாம் அவன் வீட்டுக்குள் மட்டும் பெய்வதும் ஒரு கதை. இதையெல்லாம் எழுதினவர்கள் யார் யாரோ, எந்த ஊரோ. புஷ்பபாய் சொன்ன பிறகு அந்தக் கதைகளுக்குக் கீழே நாலு பேர் வந்து நிற்பார்கள். அவள் முகத்தில் அன்றைக்கெல்லாம் கல்யாண வீட்டுக் களை இருக்கும்.

அனவுன்ஸ்மென்டுக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஆளை இழுக்க வேண்டும். வாணவேடிக்கை, கானமேளைக் கச்சேரி, அன்னதானம் என்று வரிசையாகச் சொல்லி, ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் யார் நடத்துகிறார்கள் என்று சொல்வோம். விழாக் கமிட்டியின் பேர் கடைசியில்தான் வரும். சாவுக்கும் அப்படித்தான். இன்னாருடைய புருஷனும் இன்னாருடைய அப்பனும் என்று அடுக்கிக்கொண்டே போய், செத்தவரின் பேரை முடிவில் சொல்வோம். புஷ்பபாய் கதைக்கும் அதே முறையை வைத்திருந்தாள். கதையைச் சொல்லி, கேட்கிறவனைத் தவிக்கவிட்டு, எழுதினவர் பேரைக் கடைசி வரியில் சொல்லி முடிப்பாள். அதில் ஒரு தப்பு இருப்பதாக எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அப்படி அவள் கையில் வந்து விழுந்ததுதான் எடைக்காரி.

எழுதினவர் பேர் நாரத்தை. புனைபெயர்தான், ஆணா பெண்ணா என்று தெரியாது; புஷ்பபாய் பெண் என்றே வைத்துக்கொண்டாள், நானும் அப்படியே. பழைய இரும்புக் கடையில் தராசுப் பக்கம் வேலை பார்க்கிற ஒருத்தியைப் பற்றிய தொடர்கதை. அவள் எதைத் தொட்டாலும் அதன் எடை அவள் உடம்புக்குள் வந்துவிடும். பஸ்ஸைத் தொட்டால் பஸ் காகிதம் மாதிரி ஆகிவிடும், சின்னப் பிள்ளைகூடத் தள்ளலாம். ஆனால் அந்த எடை எங்கேயும் போகாது. அவள் சுமக்க வேண்டும். ஆளைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, ஒரு படி ஏற முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். புஷ்பபாய் இதைச் சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் என்னவோ போல இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இந்தக் கதையை மட்டும் அவள் ஒரு சனிக்கிழமையோடு விடவில்லை. வாராவாரம் சொன்னாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்கள் அதிகமாகச் சேரச்சேர முழுக்க மலையாளத்திலேயே சொல்ல ஆரம்பித்தாள். மூலத்தில் ஒரு கரும்பு லாரி கவிழும். "இஞ்ச கரும்பு லாரியை யாரு கண்டா?" என்று அதை ரப்பர் ஷீட்டு ஏற்றின லாரியாக்கி, அம்பூரி போகிற மலை வளைவில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதுவும் அனவுன்ஸ்மென்டுக்காரியின் புத்திதான். கேட்கிறவனுக்குத் தெரிந்த இடத்தைச் சொன்னால்தான் அவன் தலையைத் திருப்புவான்.

ஒரு நாள் வெள்ளறடையில் சாயா குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரன் போனில் ஏதோ கதை கேட்டுக்கொண்டிருந்தான். மலையாளம், கனத்த ஆண் குரல், பின்னால் இசை. அம்பூரி வளைவில் ரப்பர் ஷீட்டு லாரி கவிழ்கிறது. ஒரு பெண் வந்து கை வைக்கிறாள்.

புஷ்பபாய் கிளாஸைக் கீழே வைத்தாள். "வேலாயுதா, அது எனக்க லாரியாக்கும்."

கடைசிவரை நின்று கேட்டோம். கதாநாயகிக்கு ஒரு மலையாளப் பேர் வைத்திருந்தான். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. முடிவில், "கத, சப்தம்: ஸ்ரீஜித்" என்றான், கதையும் குரலும் அவனுடையதாம். அவ்வளவுதான். நாரத்தை என்கிற பேர் எங்கேயும் இல்லை. அந்தச் சேனலுக்கு லட்சக்கணக்கில் ஆள் என்று ஆட்டோக்காரன் பெருமையாகச் சொன்னான். அவனை அடித்துவிடலாம் போல இருந்தது எனக்கு. அவன் என்ன செய்வான், பாவம்.

நடந்தது இதுதான். புஷ்பபாயின் வாய்ஸ் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. போகிற வழியில் யாரோ கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். பேர் இருந்ததே அந்தக் கடைசி வரியில்தானே. தலையில்லாத கோழி மாதிரி போய்ச் சேர்ந்த கதையை ஸ்ரீஜித் தன் சட்டியில் போட்டுக்கொண்டான்.

புஷ்பபாய் அவனுக்கு எழுதினாள். அவன் அவளை பிளாக் பண்ணினான். அப்புறம் நாரத்தைக்கு எழுதினாள். நடந்ததைச் சொல்லி, நாம் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று. பதில் வந்தது. அதை அவள் என்னிடம் வாசிக்கும்போது அவளுடைய புகழ்பெற்ற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நானும் கேட்டேன். ரப்பர் லாரி நான் எழுதியது இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடித்தான் உங்கள் குரலைக் கண்டுபிடித்தேன். என் கதையை ஊரெல்லாம் சொல்லுங்கள் என்று நான் உங்களிடம் கேட்டேனா? வேலைக்குப் போய்வந்து, மீதி நேரத்தில் எழுதுகிறேன். இப்போது நான் எழுதினால் அவனைப் பார்த்து எழுதினேன் என்கிறார்கள். இனி எழுதப்போவதில்லை."

கதை பாதியில் நின்றது. ஆற்றுப் பாலம் ஒன்று விரிசல் விட்டு, எடைக்காரி அதன் அடியில் தோளைக் கொடுத்து நிற்கிறாள். அதோடு சரி. சனிக்கிழமை வந்தது, போனது. அடுத்ததும் போனது. புஷ்பபாய் வாய்ஸ் போடவில்லை. ஜீப்பில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறப்பாள், புதிதாக ஒன்றும் இருக்காது, மூடுவாள். "அவ பாலத்துக்கு அடியில நிக்கா வேலாயுதா. எறக்கி விட ஆளில்ல. என்னாலயாக்கும்" என்பாள்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல. ஸ்ரீஜித் மேலே கோபம், அது நியாயம். நாரத்தை மேலே அதைவிடக் கோபம். நாலு பேர்கூட வாசிக்காத கதையைத் தூக்கித் தலையில் வைத்து ஆடினவளைப் போய்த் திருட்டுக்குத் துணை போனவள் மாதிரி பேசினால்? புஷ்பபாய் மேலேயும் கோபம்தான். "உங்களுக்கு இது என்னத்துக்குக்கா? தின்னு உறங்க முடியாதா?" என்று கத்தினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். திருப்பித் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இந்த நிலைமையில் அகிலேஷ் வந்தான். பனச்சமூடுப் பக்கத்தில் இருக்கிற ஒரு கிளப்பின் செக்ரட்டரி. ஆண்டு விழாவாம். சிறப்பு விருந்தினர் ஸ்ரீஜித்தாம். எங்கள் எல்லையின் பெருமையாம், அம்பூரியைக் கதையில் கொண்டுவந்தவராம். அன்று காலையிலிருந்து புஷ்பக்கா அனவுன்ஸ் பண்ண வேண்டுமாம்.

"ஜீப்பு ஓடாது" என்றேன்.

"ஓடும்" என்றாள் புஷ்பபாய். "நாங்க வாறோம் மக்கா. எழுதினதைக் குடு."

அகிலேஷ் போன பிறகு நான் அவளைக் கேட்காத கேள்வியில்லை. வெட்கம் மானம் எல்லாம் கேட்டேன். அவள் நோட்டீசை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "எலே, நீ வண்டியை மட்டும் ஓட்டு" என்றாள். எலே என்று அவள் என்னைக் கூப்பிட்டால் அதற்கு மேல் பேசக்கூடாது என்று அர்த்தம்.

விழா நாளில் பாறசாலை ஸ்டேஷன் முன்னால் ஆரம்பித்தோம். அவள் மைக்கை எடுத்தாள். வாணவேடிக்கை சொல்லவில்லை, கானமேளை சொல்லவில்லை. முதல் வார்த்தையே பேர்.

"நாரத்தை. அன்பார்ந்த பொதுமக்களே, நாரத்தை. எடைக்காரி என்னும் கதையை எழுதியவர் நாரத்தை. நாரத்தை எழுதிய அந்தக் கதையில் வராத ஒன்று அம்பூரி வளைவில் கவிழ்ந்த ரப்பர் லாரி. அது இந்தப் புஷ்பபாய் வைத்தது. மற்ற எல்லாம் நாரத்தையுடையது. நாரத்தையின் கதையைத் தன் கதை என்று சொன்ன ஸ்ரீஜித் அவர்களுக்கு இன்று மாலை பாராட்டு விழா. நாரத்தை யார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள அனைவரையும் அன்போடு அழைக்கிறோம். நாரத்தை."

உடனே மலையாளத்திலும் அதே. எந்த இடத்தில் வெட்டினாலும் பேர் இல்லாத துண்டு ஒன்று கிடைக்காதபடிக்குச் சொன்னாள். ஒரு வார்த்தையும் யாருக்கும் தப்பிவிடக் கூடாது என்று நான் ஜீப்பை மாட்டுவண்டி வேகத்தில் விட்டேன். இப்படி ஒரு சந்தோஷமான கோபத்தை நான் முன்னே பின்னே அனுபவித்ததில்லை. வெள்ளறடையில் ஜனம் கடையை விட்டு இறங்கி வந்து நின்றது. பனச்சமூடு சந்தையில் ஒரு அம்மா ஜீப்பை நிறுத்தி நாரத்தங்காய் கிலோ என்ன விலை என்று கேட்டாள். அவளுக்கும் புஷ்பபாய் பொறுமையாகக் கதையைச் சொன்னாள். சுற்றி நின்ற பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள்.

அகிலேஷ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நான் எடுக்கவில்லை. கடைசியில் கிளப்பு மைதானத்துக்கே போய் ஜீப்பை நிறுத்தினோம். ஸ்ரீஜித் காரிலிருந்து இறங்கினான். நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியாக, மரியாதையாகப் பேசுகிற பையன். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"சேச்சி, தேஷ்யப்பெடல்லே" என்றான். கோபப்படாதீங்களாம். "கத ஆருடேயும் சொத்தல்லல்லோ. சேச்சி பறஞ்ஞு, ஞானும் பறஞ்ஞு. சேச்சி ஆரோடு சோதிச்சிட்டு பறஞ்ஞதா?"

கதை யாருடைய சொத்தும் இல்லையாம்; நீங்களும் சொன்னீர்கள், நானும் சொன்னேன், நீங்கள் யாரிடம் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள் என்று கேட்கிறான். நான் சட்டைக் கையை மடித்தேன். புஷ்பபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பேரு சொன்னேன்லா" என்றாள்.

"ஏற்றவும் ஒடுக்கம். அவிடம் வரெ ஆரு கேள்க்கும், சேச்சி?"

எல்லாவற்றுக்கும் கடைசியில் சொன்னால் அதுவரை யார் கேட்பார்கள் என்கிறான். கன்னத்தில் அறைய வேண்டியவன்தான். ஆனால் அறைய வேண்டியவன் வாயிலிருந்தும் சில நேரம் சரியான பேச்சு வந்துவிடுகிறது. புஷ்பபாய்க்கு அது நேராகப் போய்க் குத்தியது, நான் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"செரியாக்கும். நான் கேக்கல்ல. அது எனக்க தப்பு, அதை அவகிட்ட நான் சொல்லிக்கிடுவேன். அதுக்காவ ஒனக்க தப்பு ஒனக்கு இல்லாம ஆயிடாது மக்கா."

விழா நடந்தது. பொன்னாடையும் போட்டார்கள். ஆனால் ஸ்ரீஜித் மைக்கைப் பிடித்ததும் கூட்டத்திலிருந்து ஒருத்தன், "நாரத்தை ஆரு?" என்று கேட்டான். இன்னொருத்தன் கேட்டான். அப்புறம் சும்மா கேலிக்கே பலபேர் கேட்டார்கள். அவன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கிப் போனான். அடுத்த வாரம் அவன் சேனலில் அந்தக் கதைக்குக் கீழே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினால் கிடைக்கிற எழுத்தில், "கடப்பாடு: நாரத்தை", அதாவது நாரத்தைக்கு நன்றி, என்று மலையாளத்தில் ஒரு வரி வந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

எங்களுக்கு என்ன கிடைத்தது? உற்சவக் கமிட்டி வேறு ஜீப்பு பிடித்துவிட்டது. கன்வென்ஷனுக்கும் கூப்பிடவில்லை. "புஷ்பபாய் மைக்கைப் பிடிச்சா என்ன சொல்லுவாளோ, ஆருக்குத் தெரியும்?" என்று சபையிலேயே பேச்சு. ஒரு ஊருக்கே வாயாக இருந்தவளைப் பார்த்து, அந்த வாய்க்கே பயந்தார்கள். சாவுக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். அவள் செத்தவர் பேரை முதலில் சொல்கிறாள். முறை தெரியவில்லை என்று அதற்கும் முணுமுணுக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நான் ஹாரன் அடிக்கிறேன்.

அவள் நாரத்தைக்கு எழுதினாள். கேட்காமல் சொன்னது தப்பு என்று. பதில் இல்லை. மழை வந்தது, ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டினார்கள், மழை போனது. எடைக்காரி பாலத்துக்கு அடியிலேயே நின்றாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் ஜீப்பில் உட்கார்ந்திருந்தவள், "ஐயோ" என்றாள். புதிய அத்தியாயம் வந்திருந்தது. அவள் வாசித்தாள். முகம் ஒரு மாதிரியாகியது. போனை என்னிடம் நீட்டினாள். என் வாழ்க்கையில் நான் முழுசாக வாசித்த முதல் கதை அதுதான்.

பாலத்து அடியில் எடைக்காரி ஒருத்தருக்கும் தெரியாமல் சுமந்துகொண்டு நிற்கிறாள். இரவு முழுக்க நின்றால் போதும், பாலம் பிழைத்துவிடும். அப்போது ஒரு ஜீப்பு வருகிறது. தலையில் கோளாம்பி. முன்சீட்டில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்த ஒருத்தி. பனச்சமூட்டில் பிள்ளைகள் பிடித்த படத்தை நாரத்தையும் பார்த்திருக்கிறாள். அந்த மைக்குக்காரி நல்லவள். எடைக்காரி மேல் உயிரையே வைத்திருக்கிறவள். அவள் சத்தம் போடுகிறாள்: "வாருங்கள், வந்து பாருங்கள், இப்படி ஒருத்தி இங்கே நிற்கிறாள்." ஊர் திரண்டு வருகிறது. வந்த ஊர் எங்கே நிற்கும்? பாலத்து மேலேதான் நிற்கிறது. ஒவ்வொருவரின் எடையும் அவள் தோளில் இறங்குகிறது. முழங்கால் மணலுக்குள் போகிறது. மைக்குக்காரி இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஜீப்பு ஓட்டுகிறவனைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. எங்கே போகிறோம் என்று அவன் கேட்கவேயில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "நன்றி கெட்ட ஜென்மம்!" என்று கத்தினேன். "தொழிலை இழந்தது யாரு? ஊர் முழுக்க அவ பேரைச் சொன்னது யாரு? நம்மளை வில்லனாக்கியிருக்கா. இனி அந்த ஆப்பைத் தொட்டீங்கன்னா நான் ஜீப்பை வித்துருவேன், சொல்லியாச்சு!"

புஷ்பபாய் போனைத் திரும்ப வாங்கினாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபம் இல்லை. என்ன மனுஷி இவள் என்று எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

"நல்லா எழுதியிருக்காளே வேலாயுதா" என்றாள். "இதுவரைக்கும் எழுதினதுல இதாக்கும் நல்லது."

"அக்கா!"

"எழுதுதாள்லா? என்னை ஏசிக்கிட்டாவது எழுதுதாள்லா? பின்ன என்ன?"

அன்று சனிக்கிழமை. அவள் குனிந்து நெடுநேரம் டைப் அடித்தாள். எட்டிப் பார்த்தேன். "இந்த அத்தியாயத்தை எங்க ஆளுகளுக்குச் சொல்லட்டுமா? நீங்க சொன்னாத்தான் சொல்லுவேன்" என்று நாரத்தையிடம் கேட்டிருந்தாள். பதில் வராது என்று நான் பந்தயம் கட்டத் தயாராக இருந்தேன். அடுத்த அடக்க வீட்டுக்குப் போகிற வழியில் போன் சத்தம் போட்டது. புஷ்பபாய் வாசித்துவிட்டு, இத்தனை மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

"சொல்லுங்கள். லாரியெல்லாம் வேண்டாம்."

ஜீப்பை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, போனை வாய்க்கு அருகே பிடித்தாள். "நாரத்தை எழுதினது" என்று ஆரம்பித்தாள். "நாரத்தைகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன். எல்லாரும் வாசிக்கணும். இதுல வாற மைக்குக்காரி நானாக்கும்."